700 டிகிரி சூட்டில் வெந்த கல், பனிக்கட்டிக்குள் போனது எப்படி? பொங்கும் இளம் நட்சத்திரம் சொல்லும் பதில்

வால் நட்சத்திரம் என்றால் தூசும் பனியும் கலந்த உருண்டை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். சூரியனை விட்டு வெகுதொலைவில், உறைபனிக் குளிரில் உருவானது. அது வரைக்கும் சரி. ஆனால் அந்தப் பனிக்குள் இருக்கும் சில கற்துகள்கள், அடுப்பில் வெந்தது போன்ற கடும் சூட்டில் மட்டுமே உருவாகக்கூடியவை. ஃப்ரிட்ஜில் வைத்த பாத்திரத்துக்குள் சுட்ட செங்கல் கிடந்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த முரண்பாடு வானியல் ஆய்வாளர்களை 30 ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டே இருக்கிறது. இப்போது அதற்கு ஒரு முக்கியமான துப்பு கிடைத்திருக்கிறது. துப்பு கொடுத்தது, சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் அவ்வப்போது 'பொங்கி' அடங்கும் ஒரு குட்டி நட்சத்திரம்.

அந்த நட்சத்திரத்தில் என்ன நடக்கிறது? கல் எப்படி வேகிறது? வெந்த கல் குளிருக்குள் எப்படிப் போகிறது? இதில் எது உறுதி, எது இன்னும் ஊகம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கண்டுபிடிப்பு என்ன?

தென் கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜியோங்-யுன் லீ தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி மூலம் 'ஈசி 53' என்ற இளம் நட்சத்திரத்தை ஆய்வு செய்தது. ஆய்வு முடிவுகள் 2026 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியாகின.

செர்பன்ஸ் எனப்படும் பாம்பு விண்மீன் கூட்டத்தில், நட்சத்திரங்கள் பிறக்கும் ஒரு தூசு மேகத்துக்குள் இந்த ஈசி 53 இருக்கிறது. இன்னும் முழு நட்சத்திரமாக ஆகவில்லை. சுற்றிலும் வாயுவும் தூசும் தட்டு போலச் சுழல்கின்றன. அந்தத் தட்டில் இருந்து வாயுவை இழுத்து இழுத்துத்தான் அது வளர்கிறது. மிச்சம் இருக்கும் தூசில் இருந்து பிற்காலத்தில் கிரகங்களும் வால் நட்சத்திரங்களும் உருவாகலாம்.

ஆய்வுக் குழு இந்த நட்சத்திரத்தை இரண்டு நிலைகளில் பார்த்தது. ஒன்று, அது அமைதியாக இருந்தபோது. இன்னொன்று, அது பொங்கியபோது. அமைதியாக இருந்தபோது எடுத்த பதிவில் இல்லாத ஒன்று, பொங்கியபோது எடுத்த பதிவில் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் படிக சிலிக்கேட். ஃபோர்ஸ்டரைட், என்ஸ்டடைட் என்ற இரண்டு கனிமங்களின் அடையாளம் அது. தட்டின் உள்பகுதியில், நம் கணக்கில் சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரத்துக்குள், இவை உருவாகின்றன என்கிறது ஆய்வு.

படிகம்னா என்ன? அதில் என்ன விசேஷம்?

பஞ்சுமிட்டாயும் கற்கண்டும் ஒரே சர்க்கரைதான். கற்கண்டில் சர்க்கரை மூலக்கூறுகள் வரிசை வரிசையாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் அதற்கு பட்டை தீட்டியது போன்ற முகங்கள். பஞ்சுமிட்டாய் இழையில் அந்த ஒழுங்கு கிடையாது. உருகிய சர்க்கரை சட்டென்று ஆறிவிடுவதால் மூலக்கூறுகள் கலைந்த நிலையிலேயே உறைந்துபோகும்.

விண்வெளித் தூசிலும் இதே இரண்டு வகை உண்டு. சிலிக்கான், ஆக்சிஜன், மெக்னீசியம், இரும்பு ஆகியவை சேர்ந்ததுதான் சிலிக்கேட் தூசு. அணுக்கள் கலைந்து கிடந்தால் அது கண்ணாடி மாதிரியான தூசு. ஒழுங்காக அடுக்கப்பட்டால் படிகம். நம் காலடியில் கிடக்கும் பாறைகளில் பெரும்பாலானவை படிக சிலிக்கேட்கள்தான்.

ஆனால் நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெளியில் மிதக்கும் தூசைப் பார்த்தால் கதையே வேறு. அங்கே சிலிக்கேட் தூசில் கிட்டத்தட்ட எல்லாமே கண்ணாடி வகை. படிகத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றிரண்டைத் தாண்டாது. காஸ்மிக் கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்கிக்கொண்டே இருப்பதால், இருந்த ஒழுங்கும் குலைந்துபோகிறது என்பது பொதுவான விளக்கம்.

நட்சத்திரமும் கிரகமும் உருவாகத் தேவையான கச்சாப் பொருள் இந்தக் கண்ணாடித் தூசுதான். அதைப் படிகமாக்க வேண்டுமானால் சூடு வேண்டும். கொஞ்சநஞ்ச சூடு போதாது. சுமார் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் அணுக்கள் அசைந்துகொடுத்து வரிசைக்கு வரும். தூசு உருக வேண்டிய அவசியம் இல்லை. சூளையில் பச்சை செங்கல் உருகாமலேயே வெந்து கெட்டியாவது போல, திடமாக இருக்கும்போதே உள் அமைப்பு மாறிவிடும்.

ஆக, ஓர் இடத்தில் படிக சிலிக்கேட் கிடக்கிறது என்றால், அந்தத் தூசு ஏதோ ஒரு காலத்தில் நெருப்பைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

வால் நட்சத்திரத்தில் என்ன சிக்கல்?

1997-ல் ஹேல்-பாப் வால் நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாலை நேர வானத்தில் இந்தியாவில் இருந்தும் அதைப் பார்க்க முடிந்தது. அது சூரியனை நெருங்கிக்கொண்டிருந்தபோதே, ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஐஎஸ்ஓ என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை ஆய்வு செய்தது. அதன் தூசில் ஃபோர்ஸ்டரைட் படிகத்தின் அடையாளம் பளிச்சென்று தெரிந்தது.

தூரத்தில் இருந்து பார்த்தது போதாது என்று, நாசா நேரில் போய் அள்ளி வரவே ஒரு விண்கலத்தை அனுப்பியது. 1999-ல் புறப்பட்ட ஸ்டார்டஸ்ட் விண்கலம், 2004 ஜனவரி 2-ம் தேதி வில்ட் 2 என்ற வால் நட்சத்திரத்தின் அருகே பறந்து, அதில் இருந்து கிளம்பும் தூசைப் பிடித்தது. 2006 ஜனவரி 15-ம் தேதி அந்தத் தூசு அடங்கிய பெட்டகம் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் வந்து இறங்கியது.

பிரித்துப் பார்த்த விஞ்ஞானிகளுக்கு ஆச்சரியம். நட்சத்திரங்களுக்கு இடையே மிதந்த பழைய தூசு நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் கிடைத்தவற்றில் ஃபோர்ஸ்டரைட்டும் என்ஸ்டடைட்டும் இருந்தன. அதைவிட முக்கியமாக, கால்சியமும் அலுமினியமும் நிறைந்த துகள்களும் இருந்தன. அவை 1,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், சூரியனுக்கு அருகே மட்டுமே உருவாகக்கூடியவை.

சிக்கல் இங்கேதான். வால் நட்சத்திரங்கள் உருவான வெளிப்பகுதியில் வெப்பநிலை மைனஸ் 200 டிகிரியை ஒட்டி இருந்திருக்கும். அங்கே எந்தத் தூசும் வேக முடியாது. அப்படியென்றால் வேறு எங்கோ வெந்த துகள்கள்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன: சூளை எது? சுமந்து போனது யார்?

நட்சத்திரம் ஏன் 'பொங்குகிறது'?

முதல் கேள்விக்கான பதில் இளம் நட்சத்திரங்களின் சாப்பாட்டுப் பழக்கத்தில் இருக்கிறது. பிறந்த நட்சத்திரம், சுற்றியுள்ள தட்டில் இருந்து வாயுவை ஒரே சீராக இழுப்பதில்லை. ஏரியில் தண்ணீர் தேங்குவது போல, தட்டின் உள்பகுதியில் வாயு சேர்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் மதகு திறந்தது போல மொத்தமும் நட்சத்திரத்தின் மேல் கொட்டும். அந்த வேகத்தில் விழும் வாயு பெரும் வெப்பத்தை வெளியிடும். அதுவரை மங்கலாக இருந்த நட்சத்திரம் திடீரென்று பல மடங்கு பிரகாசமாகும்.

இது சூப்பர்நோவா மாதிரி நட்சத்திரம் வெடித்துச் சிதறும் சம்பவம் இல்லை. இதில் நட்சத்திரத்துக்கு எந்தச் சேதமும் வராது. சாப்பாடு முடிந்ததும் பழையபடி அடங்கிவிடும்.

இப்படிப் பொங்குவதில் பல ரகங்கள் உண்டு. 1936-37-ல் பொங்கிய எஃப்யூ ஓரியோனிஸ் என்ற நட்சத்திரம் கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் ஆகியும் இன்னும் முழுசாக அடங்கவில்லை. வேறு சில, சில மாதங்களிலேயே அமைதியாகிவிடும்.

பொங்கும் காலத்தில் தட்டு வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகும். பனிக்கட்டி தங்கும் எல்லையே வெளிப்பக்கம் தள்ளிப்போகும். வி883 ஓரியோனிஸ் என்ற நட்சத்திரத்தில் அந்த எல்லை, சூரியன்-பூமி தூரத்தைப் போல சுமார் 40 மடங்கு தொலைவுக்குப் போயிருந்ததை சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி 2016-ல் காட்டியது. நம் சூரிய குடும்பத்தோடு ஒப்பிட்டால் அது நெப்டியூனையும் தாண்டிய தூரம்.

அந்த வெப்பம் தட்டின் உள்பகுதியில் 700 டிகிரியைத் தாண்டும்போது, அங்கே கிடக்கும் கண்ணாடித் தூசு படிகமாகிறது. அதாவது தட்டின் உள்பகுதியே சூளையாகிவிடுகிறது.

ஈசி 53-ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

இளம் நட்சத்திரங்கள் எப்போது பொங்கும் என்று பெரும்பாலும் யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒரு முறை பொங்கிய நட்சத்திரம் அடுத்து பொங்க பல ஆண்டுகள் ஆகலாம், நூற்றாண்டுகளும் ஆகலாம். ஜேம்ஸ் வெப் மாதிரி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் போட்டி இருக்கும் தொலைநோக்கியை, 'எப்போதாவது பொங்கும்' என்று நம்பி ஒரே பக்கம் திருப்பி வைத்துக் காத்திருக்க முடியாது.

ஈசி 53 இந்த விஷயத்தில் அபூர்வம். ஏறக்குறைய 18 மாதத்துக்கு ஒரு முறை அது பொங்குகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 100 நாட்கள் அந்த ஆட்டம் நீடிக்கிறது. ஹவாய் தீவில் உள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கி மூலம் இளம் நட்சத்திரங்களைத் தொடர்ந்து கண்காணித்த திட்டத்தில், இந்த ஏற்ற இறக்கம் தூசு மேகத்தின் வெப்பத்திலேயே எதிரொலிப்பது 2017-ல் பதிவானது.

நாள் குறித்துப் பொங்கும் நட்சத்திரம் என்பதால், 'முன்', 'பின்' என்று இரண்டு பதிவுகளைத் திட்டமிட்டு எடுக்க முடிந்தது. ஒரே நட்சத்திரம், ஒரே தொலைநோக்கி, ஒரே கருவி. மாறியது நட்சத்திரத்தின் நிலை மட்டும்தான். அதனால் ஒப்பீடும் நேரடியானது.

இவ்வளவு தூரத்தில் இருந்து கல்லா, கண்ணாடியா என்று எப்படித் தெரியும்?

இந்தத் தூசுத் துகள் ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியது. படம் எடுத்துப் பார்க்க வாய்ப்பே இல்லை. ஆனால் சூடான தூசு அகச்சிவப்பு ஒளியை வெளியிடும். அந்த ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்தால் கிடைப்பதுதான் நிறமாலை.

கண்ணாடி வகை சிலிக்கேட், 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அகலமான, வழுவழுப்பான ஒரு மேடாகத் தெரியும். படிகம் அப்படி இல்லை. அணுக்கள் ஒழுங்காக இருப்பதால் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் கூர்மையான முகடுகள் எழும். ஃபோர்ஸ்டரைட்டுக்கு ஓர் இடம், என்ஸ்டடைட்டுக்கு வேறு இடம். கைரேகை பார்த்து ஆளை அடையாளம் காண்பது போலத்தான்.

ஜேம்ஸ் வெப்பில் உள்ள மிரி என்ற கருவி, 5 மைக்ரான் முதல் 28 மைக்ரான் வரையிலான அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்கிறது. கருவியின் சொந்தச் சூடே பதிவைக் கெடுத்துவிடும் என்பதால், மைனஸ் 266 டிகிரி வரை அதைக் குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். தூசு மேகத்துக்குள் புதைந்து கிடக்கும் ஈசி 53-ன் உள்பகுதியை எட்டிப் பார்க்க இந்த அகச்சிவப்பு ஒளிதான் வழி.

வெந்தது சரி... வெளியே போவது எப்படி?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. தட்டில் இருக்கும் பொருளின் இயல்பு, உள்ளே போவது. மைக்ரான் அளவுள்ள நுண்தூசு, வாயு எங்கே போகிறதோ அங்கேயே போகும். வாயுவோ மொத்தத்தில் நட்சத்திரத்தை நோக்கித்தான் நகர்கிறது.

தூசு ஒட்டி ஒட்டிக் கூழாங்கல் அளவுக்கு வளர்ந்தாலும் தப்பிக்க முடியாது. வாயு கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், கல் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் போல, கல் வேகத்தை இழந்து உள்பக்கம் சரிந்துகொண்டே வரும். அதாவது சூளைக்குப் பக்கத்தில் வெந்த தூசு, விட்டால் சூளைக்குள்ளேயே விழுந்து காணாமல் போய்விடும்.

அப்படியிருக்க வெளியே எப்படிப் போனது? இதற்கு ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சில வழிகளை முன்வைத்து வருகிறார்கள்.

முதல் வழி, கலக்கல். தட்டில் இருக்கும் வாயு கொந்தளித்துக்கொண்டே இருப்பதால், தூசில் ஒரு பங்கு மெல்ல மெல்ல வெளிப்பக்கம் பரவலாம். இதற்குக் காலம் அதிகம் பிடிக்கும்.

இரண்டாவது, காற்று. நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தட்டில் இருந்து வாயு மேல்நோக்கிப் பீய்ச்சி அடிக்கும். அந்தக் காற்றில் தூக்கப்படும் தூசு, வளைந்து போய் தட்டின் வெளிப்பகுதியில் விழலாம். உமியைக் காற்றில் தூற்றினால் தள்ளிப்போய் விழுவது மாதிரி.

மூன்றாவது, 'சுமக்கவே தேவையில்லை' என்கிற வாதம். தட்டில் பரவும் அதிர்ச்சி அலைகள், தூரத்தில் இருக்கும் தூசையும் அங்கேயே சில நொடிகள் சூடாக்கிப் படிகமாக்கலாம் என்பது இந்தத் தரப்பு.

ஈசி 53 ஆய்வு இரண்டாவது வழிக்குப் பலம் சேர்க்கிறது. அந்த நட்சத்திரத்தில் இருந்து இரண்டு விதமான வீச்சுகள் கிளம்புவதை ஜேம்ஸ் வெப் காட்டியது. நடுவில் சூடான வாயு, மெல்லிய தாரையாக அதிவேகத்தில் பாய்கிறது. அதைச் சுற்றி, கொஞ்சம் குளிர்ந்த, வேகம் குறைந்த காற்று தட்டில் இருந்து அகலமாக எழுகிறது. படிகங்கள் உருவாகும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்துதான் இந்த மெதுவான காற்று கிளம்புகிறது. எனவே வெந்த தூசைத் தூக்கிக்கொண்டுபோய் வெளிப்பகுதியில் போட இதனால் முடியும் என்பது ஆய்வுக் குழுவின் கருத்து.

இதற்கு முன் யாரும் பார்த்ததே இல்லையா?

பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதை 2008-ல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஜனவரியில், பூமியில் இருந்து சுமார் 500 ஒளியாண்டு தூரத்தில் உள்ள இஎக்ஸ் லூபி என்ற இளம் நட்சத்திரம் திடீரென்று பிரகாசமானது. முதலில் கவனித்துச் சொன்னவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ். வானியலைத் தொழிலாகக் கொள்ளாமல், ஆர்வத்தால் மட்டுமே பல பத்தாண்டுகள் நட்சத்திரங்களின் வெளிச்சத்தைக் கண்ணால் அளந்து பதிவு செய்தவர் அவர். அவருடைய பதிவுகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டும்.

உச்சத்தில் இஎக்ஸ் லூபி வழக்கத்தைவிட சுமார் 100 மடங்கு பிரகாசமாக இருந்தது. ஹங்கேரியின் கொன்கோலி வானியல் நிலையத்தைச் சேர்ந்த பீட்டர் ஆபிரகாம் குழு, நாசாவின் ஸ்பிட்சர் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்ப வைத்தது. நல்லவேளையாக, 2005-ல் அதே நட்சத்திரம் அமைதியாக இருந்தபோது ஸ்பிட்சர் எடுத்த பதிவு ஒன்று கைவசம் இருந்தது. பழைய பதிவில் படிகம் இல்லை. 2008 ஏப்ரல் பதிவில் ஃபோர்ஸ்டரைட் இருந்தது. ஒரு நட்சத்திரம் பொங்கும்போது படிகம் உருவாவதற்கு முதல் நேரடிச் சான்று அதுதான். 2009-ல் நேச்சர் இதழில் வெளியானது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் சுவாரஸ்யம். பொங்கல் அடங்கிய சில மாதங்களில், உள்பகுதியில் தெரிந்த படிகங்களின் அடையாளம் மறைந்துபோனது. அழிந்துவிட்டதா, இடம் மாறிவிட்டதா என்று கேள்வி எழுந்தது.

14 ஆண்டுகள் கழித்து, 2022-ல் ஜேம்ஸ் வெப் அதே நட்சத்திரத்தைப் பார்த்தது. ஆக்னஸ் கோஸ்பால் தலைமையிலான குழு 2023-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஃபோர்ஸ்டரைட் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இப்போது குளிர்ந்த நிலையில், நட்சத்திரத்தில் இருந்து தள்ளி, சூரியன்-பூமி தூரத்தைப் போல சுமார் 3 மடங்கு தொலைவில் இருக்கிறது. நீர் பனிக்கட்டியாக உறையும் எல்லையைத் தாண்டிய இடம் அது. அங்கே போய்ச் சேர்ந்த படிகம், எதிர்காலத்தில் உருவாகும் பனி உருண்டைகளில் கலக்க வாய்ப்பு அதிகம்.

எது உறுதி? எது ஊகம்?

இந்த ஆய்வு செய்தியானதும், 'வால் நட்சத்திர மர்மம் தீர்ந்தது' என்ற தொனியில் தலைப்புகள் வருவது இயல்பு. ஆனால் பிரித்துப் பார்ப்பது நல்லது.

நேரடியாகப் பார்த்தது இவை: ஈசி 53 பொங்கும்போது படிக சிலிக்கேட்டின் அடையாளம் தெரிகிறது, அமைதியாக இருக்கும்போது தெரியவில்லை. தட்டில் இருந்து காற்று கிளம்புகிறது. இஎக்ஸ் லூபியிலும் பொங்கியபோதே படிகம் தெரிந்தது, பிறகு அது குளிர்ந்த இடத்தில் இருக்கிறது.

இவற்றை வைத்து எடுத்த முடிவு: படிகங்கள் அந்த நேரத்தில் புதிதாக உருவாகின்றன, காற்று அவற்றை வெளியே கொண்டுபோகிறது. இது வலுவான முடிவுதான். ஆனாலும் இரண்டாவது பாதியைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது என்று சொல்ல முடியாது. காற்றில் பறந்துகொண்டிருக்கும் படிகத்தை ஈசி 53-ல் யாரும் பதிவு செய்யவில்லை. சூளையைப் பார்த்தாயிற்று, சாலையைப் பார்த்தாயிற்று, லாரியில் சரக்கு ஏறியதைப் பார்க்கவில்லை.

தூரமும் ஒரு கேள்வி. இஎக்ஸ் லூபியில் படிகம் போய்ச் சேர்ந்தது 3 மடங்கு தூரம். நம் சூரிய குடும்பத்தில் நெப்டியூன் இருப்பதோ 30 மடங்கு தூரத்தில். வால் நட்சத்திரங்களில் பல அந்த வட்டாரத்திலும் அதற்கு அப்பாலும் உருவானவை. 3-ல் இருந்து 30-க்குப் போக ஒரே காற்று போதுமா, கலக்கலும் சேர வேண்டுமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் சாதகமாக இருக்கிறது. இது ஒரு முறை நடக்கும் சம்பவம் இல்லை. ஈசி 53 மாதிரி 18 மாதத்துக்கு ஒரு முறை சூளை பற்றிக்கொண்டால், ஒவ்வொரு முறையும் சிறிதளவு சரக்கு வெளியே போனாலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது பெரிய கணக்காகிவிடும்.

இந்தக் கல் பூமியில் கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். ஃபோர்ஸ்டரைட், ஆலிவின் என்ற கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சை நிறத்தில் மோதிரத்தில் பதிக்கும் பெரிடாட் கல்லும் ஆலிவின்தான். பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கின் மேல்பகுதியில் அதிகம் இருப்பதே இந்தக் கனிமம்தான்.

தமிழ்நாட்டிலும் உண்டு. சேலத்தில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் வெட்டி எடுக்கும் பகுதியில், அதோடு சேர்ந்து டியூனைட் என்ற பாறையும் கிடைக்கிறது. மெக்னீசியம் மிகுந்த ஆலிவின்தான் டியூனைட்டின் பெரும்பகுதி. ஒரு வித்தியாசம் உண்டு: சேலத்துக் கல் பூமிக்குள் இருந்த பாறைக் குழம்பில் உருவானது, வால் நட்சத்திரத்தில் இருப்பது விண்வெளித் தூசு வெந்து உருவானது. பிறந்த விதம் வேறு, கனிமம் ஒன்று.

நமக்கு இதனால் என்ன?

நம் சூரிய குடும்பத்தில் உருவான மிகப் பழைய திடப்பொருள்களின் வயது சுமார் 457 கோடி ஆண்டு. அந்தக் காலத்தை நேரில் பார்க்க வழியில்லை. மிச்சம் இருப்பது விண்கற்களும் வால் நட்சத்திரங்களும்தான். அவற்றில் வெந்த தூசும் வேகாத பனியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

குழந்தைப் பருவத்தில் நம் சூரியனும் இப்படிப் பொங்கி அடங்கியிருந்தால், அந்தக் கலவைக்கு விளக்கம் கிடைக்கிறது. அது மட்டுமல்ல, பூமியைக் கட்டிய தூசு அமைதியாக ஆறிக் குளிர்ந்த மேகத்தில் இருந்து வந்தது என்ற பழைய சித்திரமும் மாறுகிறது. அடிக்கடி பற்றி எரிந்து, அடங்கி, மீண்டும் எரிந்த ஒரு தட்டில் இருந்து வந்திருக்க வேண்டும்.

அடுத்து என்ன?

ஈசி 53-ன் அடுத்தடுத்த பொங்கல்கள் ஏறக்குறைய எப்போது வரும் என்று கணக்கிட முடியும். எனவே இதே சோதனையைத் திரும்பச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் படிகத்தின் அடையாளம் வந்து மறைகிறதா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த பகுதியிலும் சேர்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. சேர்கிறது என்றால் காற்று வழிக்குச் சான்று கிடைக்கும்.

இன்னும் தூசு மேகத்துக்குள் மூடிக் கிடக்கும் ஈசி 53, அந்தப் போர்வையில் இருந்து வெளியே வர சுமார் ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் பிறகு அங்கே கிரகங்கள் உருவாகலாம். ஓரத்தில் பனி உருண்டைகளும் உருவாகலாம். அந்தப் பனிக்குள் இருக்கப்போகும் கல் இப்போதே, 100 நாள் சூளையில் வெந்துகொண்டிருக்கிறது.